கல்லூரியில் கூடைப்பந்து கோச் ஆக: கொங்குப் பக்கத்து வழி

கோவை, ஈரோடு, நாமக்கல் கல்லூரிகளில் கூடைப்பந்துக்கென்று நிரந்தர கோச் பணியிடம் அரிது. நிரந்தர நாற்காலி பிசிக்கல் டைரக்டருக்குத்தான், அதாவது கல்லூரியின் உடற்கல்வி இயக்குநருக்கு. கோச் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் மாலையில் வந்து போகிறவர். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே தயாராகுங்கள்.

ஏதாவது ஒரு பட்டம், பிறகு உடற்கல்வியில் இளங்கலையான பி.பி.எட். 2 ஆண்டு, முதுகலையான எம்.பி.எட். 2 ஆண்டு. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா வளாகத்து மாருதி கல்லூரி இந்தப் படிப்புக்குப் பழைய பெயர். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி டைரக்டர் பணிக்கு முதுகலையில் 55 சதவீதம், நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி, உடல்தகுதித் தேர்வு எல்லாம் வேண்டும். 30 வயதுவரை ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டர் கடக்க வேண்டும். ஓட்டத்தில் யாரும் பெரிதாகத் தோற்பதில்லை. தடுக்கி விழுவது சான்றிதழில்தான். கல்லூரிகளுக்கு இடையிலோ பல்கலைக்கழகங்களுக்கு இடையிலோ விளையாடிய சான்றைக் கேட்பார்கள். இளங்கலை படிக்கும்போதே வாங்கி வைக்காவிட்டால், பத்து வருடம் கழித்துப் பழைய அலுவலகத்தில் தேடித் தரமாட்டார்கள்.

கோச்சிங்குக்குத் தனிப்படிப்பு பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமோ. அங்கேயே நடக்கும் 6 வாரச் சான்றிதழ் படிப்பு அதற்குச் சமம் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை.

படிக்கும் காலத்திலேயே ரெஃப்ரியாக, டேபிளில் ஸ்கோரராக உட்காருங்கள். கோவை நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, கரூர் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை போன்ற போட்டிகளில் பெரிய அணிகளின் பெஞ்ச் எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம். டைம் அவுட் (கோச் கேட்டு ஆட்டத்தை நிறுத்தும் இடைவேளை) கணக்கு டேபிளில்தான் மண்டையில் ஏறும்: முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3. ஆனால் கடைசி 2 நிமிடத்தில் அதிகபட்சம் இரண்டே. மூன்றையும் சேமித்து வைக்கிற கோச்சுக்கு ஒன்று வீண்.

வேலைக்குச் சேர்ந்ததும் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தில் இணைந்தது என்று பாருங்கள். கோவை, ஈரோடு கலைக் கல்லூரிகள் பாரதியார். சேலம், நாமக்கல் என்றால் பெரியார். பொறியியல் என்றால் அண்ணா. போட்டி அட்டவணையும் தகுதிப் படிவமும் அதற்கேற்ப மாறும். பல்கலைக்கழக அணிக்கு 25 வயது வரம்பு உண்டு. பிறந்த தேதிச் சான்றை ஜூலையிலேயே வாங்கிவிடுங்கள்.

அணிக்கு ஆள் சேர்ப்பதுதான் பெரிய வேலை. பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே பள்ளி பி.டி. மாஸ்டர்களிடம் பேசி வையுங்கள். கட்டணச் சலுகையை வாயால் சொல்லாதீர்கள். நிர்வாகம் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் வாக்குக் கொடுத்தால் இரண்டாம் ஆண்டில் பையனும் பெற்றோரும் உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள்.

பயிற்சி 2 மணி நேரம் போதும். லேப் முடிந்து ஆட்கள் 4.45க்குத்தான் கூடுவார்கள். உடல் சூடேற்ற 15 நிமிடம், டிரிப்ளிங், பாஸிங், லே அப்புக்கு 30, ஷூட்டிங்குக்கு 25, டிஃபென்ஸுக்கு 20, மீதி நேரம் ஆட்டம். வந்ததும் ஐந்துக்கு ஐந்து ஆடவிடுவது நம்ம பக்கத்துப் பழக்கம். பத்துப் பேருக்கு ஒரே பந்து. மாற்று ஆட்களின் கை பழகாது. 12 பேருக்கு 6 பந்தாவது வேண்டும், ஆண்களுக்கு 7ஆம் அளவு, பெண்களுக்கு 6. சிமெண்ட் கோர்ட்டில் தாவும் பயிற்சியைத் தினமும் வைத்தால் முழங்காலுக்குக் கீழே முன்எலும்பு வலி நிச்சயம். வாரம் இரண்டு நாளோடு நிறுத்துங்கள்.

ஒவ்வொரு மேட்ச் ஸ்கோர் ஷீட்டின் நகலையும், ஆட்களின் வருகைப் பதிவையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் முதல்வர் அதைத்தான் கேட்பார்.