மொறுமொறு வெங்காய பக்கோடா: எல்லாம் தண்ணீர்க் கணக்கு

டீக்கடைத் தட்டில் நாலு மணிக்குக் குவித்த தூள் பக்கோடா ஆறு மணிக்கும் கடக் மொறுக்கென்று இருக்கிறது. வீட்டில் போட்டது டீ ஆறுவதற்குள் நமுத்துவிடுகிறது. வெங்காயமும் கடலை மாவும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வீட்டில் பஜ்ஜி மாவு போலத் தண்ணீர் விட்டுக் கரைத்து அதில் வெங்காயத்தைப் போடுகிறோம். கடையில் வெங்காயம் விடும் தண்ணீரிலேயே மாவைப் பிசறிவிடுகிறார்கள். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

பால் பொருள் எதுவும் சேர்க்காத வீகன் சமையலுக்கு இது தோதான பலகாரம். முட்டைக்கு இதில் வேலையே இல்லை. கடலை மாவே பசையாக நின்று பிடித்துக்கொள்ளும். ஆனால் சத்தமில்லாமல் பால் பொருள் நுழையும் வழிகள் உண்டு. கரகரப்புக்காகச் சிலர் மாவில் உருக்கிய நெய்யோ வெண்ணெயோ விடுவார்கள். சிலர் புளிப்புக்குத் தயிர் சேர்ப்பார்கள். நெய்யின் வேலையைக் காய்ச்சிய எண்ணெய் அப்படியே செய்துவிடும். தயிர் தேவையே இல்லை. அது ஈரத்தைக் கூட்டிப் பக்கோடாவை மெதுவாக்கத்தான் உதவும்.

நான்கு பேருக்கு வேண்டியவை

பெரிய வெங்காயம் 300 கிராம் (நடுத்தர அளவில் மூன்று), கடலை மாவு 100 கிராம் (தலை தட்டி ஒரு கப்), அரிசி மாவு 30 கிராம் (மூன்று மேசைக்கரண்டி), தூள் உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் முக்கால் தேக்கரண்டி, பச்சை மிளகாய் 2, இஞ்சி ஒரு அங்குலம், தோலோடு தட்டிய பூண்டு 5 பல், சோம்பு அரைத் தேக்கரண்டி, பெருங்காயத்தூள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை 3 ஈர்க்கு, விருப்பமிருந்தால் உடைத்த முந்திரி 15. மாவில் விட இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், பொரிக்க அரை லிட்டர்.

எடையில் வெங்காயம் மாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதைக் கவனியுங்கள். இங்கே வெங்காயம்தான் பக்கோடா, மாவு அதற்கு மேல்பூச்சு. விலை ஏறும் மாதங்களில் வெங்காயத்தைக் குறைத்து மாவை ஏற்றினால் கிடைப்பது வெங்காய வாசனையுள்ள மாவு உருண்டைதான்.

அரிசி மாவு எதற்கு? கடலை மாவில் புரதம் அதிகம். தனியாகப் போட்டால் மேலே சிவந்து உள்ளே கொஞ்சம் மெத்தென்று நிற்கும். அரிசி மாவின் மாச்சத்து பொரிந்ததும் விறைத்து அந்தக் கரகரப்பைத் தருகிறது. கடலை மாவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் ஆறியதும் பல்லைப் பதம் பார்க்கும். கடலைப்பருப்பை வாங்கி மிஷினில் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது; பட்டுப் போன்ற பாக்கெட் மாவைவிட இது உதிரியாகப் பொரியும்.

நறுக்குவதிலேயே பாதி வேலை

வெங்காயத்தை வேரிலிருந்து நுனிவரை இரண்டாகப் பிளந்து, வேர்க்கட்டையை வெட்டி எடுத்துவிட்டு, நீளவாக்கில் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். நீளவாக்கில் நறுக்கினால் நார் அறுபடாமல் இழை இழையாக நிற்கும். பொடியாக நறுக்கினால் வெட்டுப்பட்ட இடமெல்லாம் தண்ணீர் கசியும். நறுக்கியதைக் கையால் இதழ் இதழாகப் பிரித்துவிடுங்கள். வேர்க்கட்டையை விட்டுவிட்டால் இதழ்கள் பிரியாமல் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மேலே கருகினாலும் அந்தக் கொத்தின் நடுவில் வெங்காயம் பச்சையாகவே இருக்கும்.

உப்பு, மிளகாய்த்தூள், நறுக்கிய பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, சோம்பு, பெருங்காயம், ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை எல்லாவற்றையும் வெங்காயத்தில் போட்டு, துணி பிழிவதுபோல இரண்டு மூன்று முறை அழுத்திப் பிசைந்து பத்து நிமிடம் மூடி வையுங்கள். வெங்காயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குத் தண்ணீர்தான். உப்பு அதில் ஒரு பகுதியை வெளியே இழுக்கும். மாவைப் பிடிக்க அந்த ஈரம் போதும்.

பத்து நிமிடத்தை அரை மணி ஆக்காதீர்கள். மறந்துபோய் வெங்காயம் தண்ணீரில் மிதந்தால், லேசாகப் பிழிந்து அந்த நீரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாவைச் சேருங்கள். தேவைப்பட்டால் அதையே தெளித்துக்கொள்ளலாம். உப்பு அதில் கரைந்திருப்பதால் கொட்டிவிட்டால் பக்கோடா சப்பென்று போகும்.

பிசறும் பதம்

இரண்டு மாவையும் ஒரு தட்டில் கலந்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகச் சூடாக்கி மேலே ஊற்றுங்கள். சலசலவென்று பொங்கும்; கரண்டியால் கிளறிவிட்டு, கை பொறுக்கும் சூடு வந்ததும் விரல்களால் தேய்த்துப் புட்டுமாவு போல உதிரியாக்குங்கள். எண்ணெய் மாவைச் சுற்றிப் பூச்சாக நிற்பதால் மாவு அதிகத் தண்ணீர் குடிக்காது, பொரிந்ததும் கட்டியாக இறுகாமல் பொறுபொறுவென்று உடையும். தாராளமாக விடலாம் என்று நான்கைந்து கரண்டி ஊற்றினால், வாணலியில் போட்டதும் பக்கோடா பிரிந்து தூளாக அடியில் தங்கி எண்ணெயைக் கெடுக்கும்.

மாவை மூன்று தவணையாக வெங்காயத்தில் தூவிப் பிசறுங்கள். பிசைய வேண்டாம், பிசறினால் போதும். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் சேர வேண்டும், விட்டால் உதிர வேண்டும். வெங்காயத்தின் நிறம் மாவுக்குள் தெரிய வேண்டும். பாத்திரத்தின் அடியில் உலர்ந்த மாவு மிஞ்சியிருந்தால் மட்டும் விரலை நனைத்துத் தெளியுங்கள். மொத்தமாகவே இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது.

மாவு சேர்த்த பிறகும் உப்பு தன் வேலையை நிறுத்தாது. முதல் ஈடு கரகரப்பாக வந்து, கடைசி ஈடு சொதசொதவென்று வருவதன் காரணம் இதுதான். அதனால் வெங்காயம் முழுவதிலும் ஒரேயடியாக மாவைப் போடாமல், இரண்டு ஈட்டுக்கு வேண்டியதை மட்டும் பிசறிப் பொரித்துவிட்டு, மீதியை அப்போதைக்கப்போது பிசறிக்கொள்ளுங்கள். கடைசிப் பங்கு வெங்காயம் கூடுதலாகத் தண்ணீர் விட்டிருந்தால் ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்தால் சரியாகிவிடும்.

சமையல் சோடா வேண்டாம். அது மெது பக்கோடாவுக்கு. இதில் போட்டால் உள்ளே காற்றறைகள் பெருகி எண்ணெய் குடிக்கும். மஞ்சள்தூளும் சோடாவும் சேர்ந்துவிட்டால் அங்கங்கே செந்திட்டுகள் வேறு விழும். மஞ்சள் சோடா, சுண்ணாம்பு போன்ற காரப்பொருளோடு சேர்ந்தால் சிவக்கும், சுண்ணாம்பு பட்ட ஆரத்தி போல.

எண்ணெயும் தீயும்

கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய். செக்குக் கடலை எண்ணெய்க்கு வாசனை பிரமாதம், ஆனால் நுரைத்துப் பொங்கலாம். ஆகவே வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். அடி கனத்த இருப்புச் சட்டி சூட்டைத் தாங்கி வைக்கும். மெல்லிய அலுமினியச் சட்டியில் ஈடு போட்டதும் சூடு சரசரவென்று இறங்கும்.

எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் போய் இரண்டு மூன்று விநாடியில் மேலே வந்தால் சரி. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. விழுந்த வேகத்திலேயே சீறி நிறம் மாறினால் அதிகம். தீயைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள்.

உருட்டிப் போடாதீர்கள். ஒரு பிடி எடுத்து, விரல்களால் உதிர்த்தபடி எண்ணெய்க்கு அருகிலிருந்து பரவலாகத் தூவுங்கள். அரை லிட்டர் எண்ணெய்க்கு ஒரு ஈட்டில் நூறு கிராமுக்கு மேல் வேண்டாம். முப்பது விநாடி கரண்டி படக்கூடாது. மாவு இறுகுவதற்குள் கிளறினால் மேல்பூச்சு கழன்றுவிடும். பிறகு திருப்பிவிட்டு, தீயை நடுத்தரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இனி பார்ப்பதைவிடக் கேட்பதுதான் முக்கியம். முதலில் எழும் சலசலப்பு, வெங்காயத்தின் ஈரம் ஆவியாகி வெளியேறும் ஓசை. அது மெல்ல அடங்கி, குமிழிகள் சிறுத்து, எண்ணெய் ஏறக்குறைய மௌனமாகும் வரை காத்திருங்கள். நான்கைந்து நிமிடம் ஆகும். பெரும்பாலானவர்கள் தங்க நிறம் வந்ததுமே எடுத்துவிடுகிறார்கள். அப்போது எண்ணெய் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். தட்டில் கிடக்கும்போது அந்த ஈரம் மெல்ல வெளியே வந்து மேல்தோலை நனைக்கும். நமுத்துப்போவது இப்படித்தான்.

முந்திரி சீக்கிரம் கருகும் என்பதால் முதலிலேயே பிசறாமல், ஈடு போட்டு இரண்டு நிமிடம் கழித்துத் தூவுங்கள். மீதிக் கறிவேப்பிலையை ஈரம் போகத் துடைத்து, கடைசியில் தனியாகப் பொரித்து மேலே போடுங்கள்.

எடுத்ததும் ஆழமான பாத்திரத்தில் போட்டு மூடுவது பெரிய தவறு. கம்பிச் சல்லடையிலோ அகலத் தட்டிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். காகிதத்தின் மேல் குவித்தால் அடியில் இருப்பது தன் ஆவியிலேயே வெந்துவிடும்.

எண்ணெய் குடித்திருந்தால்

பிழிந்தால் எண்ணெய் சொட்டும் பக்கோடாவுக்குப் பெரும்பாலும் சூடு குறைந்த எண்ணெய்தான் காரணம். ஒரே நேரத்தில் அள்ளிப் போட்டிருப்பீர்கள். மாவு நீர்த்திருந்தாலும் இதே கதிதான். வெளியே கருகி உள்ளே பச்சை மாவு வாடை அடித்தால், சூடு அதிகம் அல்லது உருண்டை பெரிது. கல் மாதிரி இருந்தால் அரிசி மாவு கூடிவிட்டது, அல்லது பிசறுவதற்குப் பதில் சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்துவிட்டீர்கள். ஏற்கெனவே நமுத்தது என்றால் கவலை வேண்டாம், எண்ணெயை 185 டிகிரிக்குச் சூடேற்றி நாற்பது விநாடி மறுபடி பொரித்தால் மீண்டுவிடும்.

வெங்காயம் அல்லாத காய்கள்

முட்டைகோஸ் இதே அளவில் அப்படியே வரும், நூல்போல நறுக்கினால் போதும். கேரட்டை மட்டும் தனியாகப் போடாதீர்கள். அதன் சர்க்கரை மாவு வேகும் முன்பே கருகத் தொடங்கும். கோஸில் கால் பங்கு கலக்கலாம். சுரைக்காய், பூசணி வகையைத் துருவி, உப்பிட்டு, துணியில் முறுக்கிப் பிழியாமல் போட்டால் கஞ்சிதான். காலிஃபிளவரைச் சிறு பூக்களாக்கி, உப்பும் மஞ்சளும் கலந்த கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, துணியில் பரப்பி முழுக்க உலரவிட வேண்டும். முருங்கைக் கீரையை உருவிக் கழுவி, ஈரம் போக நிழலில் ஆறவிட்டு, வெங்காயத்தோடு ஒரு கைப்பிடி சேர்த்தால் அதைவிட மணமானது இல்லை.

வாழைப்பூவில்தான் வீகன்காரர்கள் சறுக்குவார்கள். கறுக்காமல் இருக்க நறுக்கியதை மோரில் போடுவது வழக்கம். மோருக்குப் பதில் நெல்லிக்காய் அளவு புளியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். அரிசி கழுவிய நீரில் எலுமிச்சை பிழிந்தாலும் சரி. ஒவ்வொரு பூவிலும் நடுவே நிற்கும் விறைப்பான கள்ளனையும், அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற இதழையும் கிள்ளி எறிந்துவிட்டு நறுக்கி, அந்த நீரிலிருந்து பிழிந்தெடுத்து, வெங்காயத்தோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

ஏர் ஃபிரையரில் இது வருமா? வரும், ஆனால் அது வேறு பலகாரம். 190 டிகிரியில் மேலே எண்ணெய் தடவி 14 நிமிடம், இடையில் ஒருமுறை திருப்பி வைத்தால் தின்னும்படி இருக்கும். இழை இழையான கரகரப்பை எதிர்பார்க்காதீர்கள். மறுநாள் சூடாக்க மட்டும் அதைவிட நல்ல கருவி இல்லை: 180 டிகிரியில் நான்கு நிமிடம்.

மீந்த எண்ணெயை ஆறியதும் துணியில் வடிகட்டி, மாவுத்தூள் இல்லாமல் எடுத்து வைத்துத் தாளிக்கப் பயன்படுத்தி ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். கடைகளுக்கு, பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சிதைந்து சேரும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது. நிறம் கறுத்து, பிசுபிசுத்து, லேசான சூட்டிலேயே புகைந்தால் கொட்டிவிடலாம். ஆனால் சிங்க்கில் வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும்.

தொட்டுக்கொள்ள, தயிர் சேர்க்காமல் கெட்டியாக அரைத்த புதினாச் சட்னி. தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பக்கோடாவின் மேல் ஊற்றினால் இவ்வளவு நேரம் விரட்டிய தண்ணீர் திரும்பி வந்துவிடும்.