ஆஸ்கர் யாருக்குன்னு முன்னாடியே கணிக்கிறது எப்படி: ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ணவன் சொல்றேன்

எங்க வாட்ஸ்அப் குரூப்ல வருஷா வருஷம் ஆஸ்கருக்கு முந்தின நாள் ஒரு போட்டி நடக்கும், எல்லாரும் எல்லா பிரிவுக்கும் யாரு ஜெயிப்பாங்கன்னு எழுதி அனுப்பணும், காசு பந்தயம் எல்லாம் கிடையாது, தோத்தவங்க ஜெயிச்சவங்க சொல்ற ஏதாவது ஒரு மொக்கைப் படத்தை முழுசா உக்காந்து பாக்கணும், அவ்ளோதான். 2021-ல நான் பாத்தேன். 2025-லயும் நானே பாத்தேன். ரெண்டு தடவையும் ஒரே தப்பு, அதைப் பத்தி கீழ வரேன். ஆனா நடுவுல ரெண்டு வருஷம் ஜெயிச்சிருக்கேன், அதனால சொல்ற தகுதி கொஞ்சம் இருக்குன்னு நெனைக்கிறேன்.

முதல்ல ஒண்ணு. உங்களுக்குப் பிடிச்ச படம் எதுன்னு யாரும் கேக்கல. இதை மண்டையில ஏத்திக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. ஆஸ்கர் கொடுக்கற அமைப்பான அகாடமில ஓட்டு போடுறவங்க கிட்டத்தட்ட பத்தாயிரம் பேரு, எல்லாரும் சினிமாவுக்குள்ளயே வேலை பாக்குறவங்க, நடிகர், எடிட்டர், சவுண்ட் ஆளு, மேக்கப் ஆளு, ஸ்டூடியோ எக்ஸிக்யூட்டிவ்னு. விமர்சகர்கள் கிடையாது, ரசிகர்களும் கிடையாது. நாமினேஷன் அந்தந்த துறைக்காரங்க போடுறது, அதாவது எடிட்டிங் நாமினேஷனை எடிட்டர்கள்தான் போடுவாங்க, சிறந்த படம் மட்டும் எல்லாரும் சேர்ந்து போடுவாங்க. ஆனா கடைசி ரவுண்ட்ல எல்லாரும் எல்லா பிரிவுக்கும் போடலாம். அதனாலதான் நாமினேஷன்ல நுணுக்கமான வேலை எல்லாம் உள்ள வந்துரும், ஜெயிக்கும்போது கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியற வேலை ஜெயிச்சிரும். 2025 ஏப்ரல்ல ஒரு ரூல் கொண்டு வந்தாங்க, ஒரு பிரிவுல இருக்கற எல்லா படத்தையும் பாத்தாதான் அந்தப் பிரிவுல கடைசி ஓட்டு போட முடியும்னு. அதுக்கு முன்னாடி வரைக்கும் பாக்காமயே போட்டுட்டு இருந்திருக்காங்கன்னு இதுல இருந்தே தெரியுதுல்ல.

அடுத்தது, ஆஸ்கருக்கு முன்னாடி வர்ற மத்த அவார்டுகள். இங்கதான் நெறைய பேரு சொதப்புறாங்க, எல்லா அவார்டையும் ஒரே எடை போட்டு கூட்டுறாங்க. யாரு ஓட்டு போடுறாங்கன்னு பாக்கணும். கோல்டன் குளோப்ல ஓட்டு போடுறது பத்திரிகையாளர்கள், அவங்க அகாடமில இல்ல. கிரிட்டிக்ஸ் சாய்ஸும் அப்படித்தான். இவங்களால ஒரு பேச்சு கிளம்பும், மேடையில ஒரு நல்ல ஸ்பீச் கொடுக்க சான்ஸ் கிடைக்கும், அவ்ளோதான். 2025 குளோப்ல டிராமா படத்துக்கு 'தி ப்ரூட்டலிஸ்ட்', காமெடிக்கு 'எமிலியா பெரெஸ்' ஜெயிச்சுது, ரெண்டுமே ஆஸ்கர்ல சிறந்த படம் வாங்கல, 'அனோரா' வாங்குச்சு. ஆனா கில்டு அவார்டு வேற, கில்டுன்னா ஹாலிவுட்ல அந்தந்த தொழில்காரங்களோட சங்கம். ப்ரொட்யூசர்ஸ் கில்டு, டைரக்டர்ஸ் கில்டு, நடிகர் சங்கம் இது மூணுலயும் இருக்கறவங்கள்ல ஒரு பங்கு அகாடமிலயும் இருக்காங்க. 'அனோரா'வுக்கு ப்ரொட்யூசர்ஸ், டைரக்டர்ஸ் ரெண்டு கில்டும் ஒரே நாள் ராத்திரி கொடுத்தாங்க, அன்னைக்கே நான் சிறந்த படம் பிரிவை மூடிட்டேன்.

டைரக்டர் பிரிவுதான் இருக்கறதுலயே ஈஸி. டைரக்டர்ஸ் கில்டு 1948-ல இருந்து கொடுக்குது, 2025 வரைக்கும் அவங்க சொன்ன ஆளுக்கு ஆஸ்கர் கிடைக்காம போனது எட்டே எட்டு தடவை. அதுலயும் மூணு தடவை, 1985 படத்துக்கு ஸ்பீல்பெர்க், 1995-க்கு ரான் ஹோவர்ட், 2012-க்கு பென் அஃப்ளெக், இவங்க ஆஸ்கர்ல நாமினேட்டே ஆகல, அப்புறம் எப்படி ஜெயிக்க முடியும். கடைசியா தப்புனது 2020 விழா, கில்டு சாம் மெண்டஸுக்கு கொடுத்துச்சு, ஆஸ்கர் போங் ஜூன் ஹோவுக்கு போச்சு. இதுல புத்திசாலித்தனம் காட்டாம கில்டு சொன்னதை அப்படியே எழுதிட்டு அடுத்த பிரிவுக்குப் போங்க.

இப்ப சிறந்த படம். இதை மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. மத்த எல்லா பிரிவுலயும் யாருக்கு அதிக ஓட்டோ அவங்க ஜெயிச்சாங்க, சிம்பிள். சிறந்த படத்துக்கு 2010 விழால இருந்து வரிசைப்படுத்துற முறை, அதாவது பத்து படத்தையும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா எழுதித் தரணும். எண்ணும்போது முதல் இடம் கம்மியா வாங்கின படத்தைத் தூக்கிட்டு அதுக்கு போட்டவங்களோட அடுத்த சாய்ஸுக்கு அந்த ஓட்டை மாத்துவாங்க, ஒரு படம் பாதிக்கு மேல தாண்டுற வரைக்கும் இது நடக்கும்.

நானே ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாத்தப்புறம்தான் புரிஞ்சுது, சும்மா கற்பனைக்கு நூறு ஓட்டு, நாலு படம்னு வச்சுக்கோங்க. ஒரு பிரம்மாண்டமான போர் படம் 40 ஓட்டு, ஒரு குடும்பப் படம் 30, ஒரு த்ரில்லர் 18, ஒரு காமெடி 12. சாதாரண தேர்தல்னா போர் படம் ஈஸியா ஜெயிச்சிருக்கும். ஆனா இங்க முதல்ல காமெடி அவுட், அதுக்கு போட்ட 12 பேருல 9 பேரு ரெண்டாவதா குடும்பப் படத்தை எழுதிருக்காங்க, 3 பேருதான் போர் படம். இப்ப போர் படம் 43, குடும்பப் படம் 39. அடுத்து த்ரில்லர் அவுட், 18-ல 13 குடும்பப் படத்துக்கு, 5 போர் படத்துக்கு. முடிஞ்சுது கதை, குடும்பப் படம் 52, போர் படம் 48. நாப்பது பேரு தலையில தூக்கி வச்சு ஆடின படம் தோத்துருச்சு, ஏன்னா மத்தவங்களுக்கு அது ஆகல.

அதனால "எந்தப் படத்துக்கு வெறித்தனமான ரசிகர்கள் இருக்காங்க"ன்னு கேக்காதீங்க, "எந்தப் படத்தை யாருமே திட்டல"ன்னு கேளுங்க. 2022-ல 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 நாமினேஷனோட வந்துச்சு, 'கோடா' வெறும் மூணு நாமினேஷன், டைரக்டருக்கும் இல்ல, எடிட்டிங்கும் இல்ல. மூணையும் அள்ளிட்டு போச்சு, சிறந்த படமும் சேர்த்து. 12 வச்சிருந்த படம் டைரக்டர் ஒண்ணோட வீட்டுக்கு போச்சு. அந்த வருஷம் ப்ரொட்யூசர்ஸ் கில்டு 'கோடா'வுக்குதான் கொடுத்துச்சு, அவங்களும் இதே வரிசை முறைலதான் ஓட்டு எண்ணுறாங்க, அதனாலதான் சிறந்த படத்துக்கு மத்த எதையும் விட இந்த கில்டை நான் நம்புறேன். அதுவும் வழுக்கும் சில சமயம், 'லா லா லேண்ட்', '1917' ரெண்டுக்கும் அவங்க கொடுத்தாங்க, ஆஸ்கர் 'மூன்லைட்'டுக்கும் 'பாரசைட்'டுக்கும் போச்சு. 'பாரசைட்' வருஷத்துல நடிகர் சங்கம் மொத்த நடிகர் குழுவுக்கான அவார்டை அந்தப் படத்துக்கு கொடுத்துச்சு, அன்னைக்கு அவங்க மேடைக்கு வந்தப்பவே அரங்கம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. அந்த மாதிரி சத்தத்தை லேசா எடுத்துக்காதீங்க.

சரி, என் தப்புக்கு வருவோம். நடிகர் நடிகை பிரிவு.

2021-ல சிறந்த நடிகர் சாட்விக் போஸ்மேன்னு கண்ணை மூடிட்டு எழுதினேன், எல்லாரும் எழுதினாங்க, மனுஷன் இறந்து ஒரு வருஷம் கூட ஆகல, நடிகர் சங்கம் கொடுத்துருச்சு, குளோப் கொடுத்துருச்சு. விழா நடத்தினவங்களே சிறந்த படத்தை முன்னாடி கொடுத்துட்டு இதைக் கடைசில வச்சாங்க. கடைசில ஆன்டனி ஹாப்கின்ஸ் பேரைப் படிச்சாங்க, அவரு அங்க வரவே இல்ல, அப்படியே விழா முடிஞ்சுது. ரெண்டு வாரம் முன்னாடி பிரிட்டனோட சினிமா அவார்டு பாஃப்டா ஹாப்கின்ஸுக்கு கொடுத்திருந்துச்சு, நான் "அது பிரிட்டன்காரங்க, அவங்க ஆளுக்கு கொடுத்துக்கிறாங்க"ன்னு ஒதுக்கிட்டேன். 2025-ல டெமி மூர், நடிகர் சங்கம், குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ் மூணும் வாங்கியாச்சு, பாஃப்டா மட்டும் மைக்கி மேடிசனுக்கு. மறுபடியும் நான் டெமி மூர்னு எழுதினேன். மறுபடியும் மொக்கைப் படம்.

அப்புறம் உக்காந்து 2019-ல இருந்து 2025 வரைக்கும் சிறந்த நடிகர், சிறந்த நடிகை ரெண்டுலயும் நடிகர் சங்கமும் பாஃப்டாவும் ஆஸ்கர் லிஸ்ட்ல இருக்கற வேற வேற ஆளுக்கு கொடுத்த இடத்தை எல்லாம் எடுத்து வச்சேன். எட்டு தடவை நடந்திருக்கு. பாஃப்டா சொன்ன ஆளு ஆறு தடவை ஜெயிச்சிருக்காங்க: ஒலிவியா கோல்மன், ஹாப்கின்ஸ், ஃப்ரான்ஸஸ் மெக்டார்மண்ட், எம்மா ஸ்டோன், ஏட்ரியன் ப்ரோடி, மைக்கி மேடிசன். நடிகர் சங்கம் ரெண்டே தடவை, மிஷெல் யோவும் ப்ரெண்டன் ஃப்ரேஸரும், ரெண்டும் 2023-ல.

சரி பாஃப்டாவையே நம்பலாமான்னா அதை விட நல்லா இன்னொண்ணு வேலை செய்யுது. அந்த ரெண்டு பேரோட படத்துல எதுக்கு ஆஸ்கர் நாமினேஷன் அதிகம்னு பாருங்க, ஆஸ்கர் ஜெயிச்சவங்க படத்தை முதல்ல சொல்றேன். 'தி ஃபேவரிட்' 10, 'தி வைஃப்' 1. 'தி ஃபாதர்' 6, போஸ்மேன் படம் 5. மெக்டார்மண்டோட 'நோமேட்லேண்ட்' 6, வயோலா டேவிஸுக்கும் அதே போஸ்மேன் படம்தான், 5. 'புவர் திங்ஸ்' 11, லில்லி க்ளாட்ஸ்டோன் படம் 10. மிஷெல் யோ படம் 11, கேட் ப்ளாஞ்செட் படம் 6. 'தி ப்ரூட்டலிஸ்ட்' 10, டிமோத்தி ஷாலமே படம் 8. 'அனோரா' 6, டெமி மூர் படம் 5. எட்டுல ஏழு சரி! ஃப்ரேஸர் மட்டும்தான் விதிவிலக்கு, அவரு படம் 3, எதிர்ல 'எல்விஸ்' 8. எட்டு தடவைங்கறது சின்ன கணக்குதான், ஒரு நாமினேஷன் வித்தியாசத்தை வச்சு சத்தியம் பண்ண முடியாது, ஆனா லாஜிக் இருக்கு, நடிகர் சங்கத்துல கடைசி ஓட்டு போடத் தகுதியானவங்க லட்சம் பேருக்கு மேல, டிவில சின்ன ரோல் பண்றவங்க வரைக்கும், அவங்களுக்கு கம்பேக் கதை பிடிக்கும். அகாடமில நடிகர்கள் ஆயிரத்துச் சொச்சம்தான், மிச்ச ஓட்டு எல்லாம் கேமராமேன், எடிட்டர், இசையமைப்பாளர்னு, அவங்க ஒரு படத்தை மொத்தமா விரும்பினா அதுல இருக்கற நடிகருக்கும் சேர்த்து டிக் அடிச்சிருவாங்க. போதாததுக்கு 2016-க்கு அப்புறம் அகாடமி வெளிநாட்டு ஆளுங்களை நெறைய சேர்த்துச்சு, பாஃப்டா பக்கம் காத்து வீசுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

தேதியையும் பாருங்க. 2025-ல ஆஸ்கர் ஓட்டு பிப்ரவரி 11-லருந்து 18 வரைக்கும், பாஃப்டா 16-ம் தேதி, நடிகர் சங்க விழா 23-ம் தேதி. அதாவது ஷாலமே மேடையேறி ஸ்பீச் கொடுத்தப்ப ஆஸ்கர் ஓட்டுப்பெட்டியை மூடி அஞ்சு நாள் ஆச்சு. அதைப் பாத்து கடைசி நேரத்துல பேரை மாத்தினவங்க எங்க குரூப்லயே மூணு பேரு.

மத்ததை வேகமா சொல்லிடறேன். திரைக்கதை ரெண்டு பிரிவும் பெரும்பாலும் ஆறுதல் பரிசு மாதிரி, சிறந்த படம் கிடைக்காதுன்னு தெரிஞ்ச நல்ல படத்துக்கு இங்க கொடுப்பாங்க, 'கெட் அவுட்', 'அமெரிக்கன் ஃபிக்ஷன்', 'கான்க்ளேவ்' எல்லாம் அப்படித்தான். மேக்கப்ல ஒரு நடிகரை அடையாளமே தெரியாம மாத்தின படத்தைப் போடுங்க. விஷுவல் எஃபெக்ட்ஸ்ல சிறந்த படம் நாமினேஷன் இருக்கற படம் ஏதாவது இருந்தா பெரும்பாலும் அதுதான், ஆனா 2016-ல அந்த மாதிரி மூணு படத்தைத் தாண்டி 'எக்ஸ் மெஷினா' ஜெயிச்சு எல்லார் ஷீட்டையும் கிழிச்சுது. வெளிநாட்டுப் படம் பிரிவுலயும் அதே ரூல்தான், சிறந்த படம் லிஸ்ட்லயும் இருக்குன்னா யோசிக்கவே வேணாம், 2025-ல அப்படி ரெண்டு படம் இருந்துச்சு, அதுல ஒண்ணுதான் ஜெயிச்சுது, 'ஐ'ம் ஸ்டில் ஹியர்'. ஆனா ஒரு நாட்டுல இருந்து ஒரே படம்தான் அனுப்ப முடியும்ங்கறதை மறந்துடாதீங்க, 'ஆர்ஆர்ஆர்' அந்தப் பிரிவுலயே இல்லாததுக்கு காரணம் இந்தியா வேற படத்தை அனுப்புனதுதான்.

பாட்டு பிரிவுல பாட்டை மட்டும் கேட்டா போதாது, அந்தப் பாட்டு படத்துக்கு வெளிய எவ்ளோ தூரம் போயிருக்குன்னு பாருங்க. 'நாட்டு நாட்டு' குளோப் வாங்கினப்பவே உலகம் பூரா ஆடிட்டு இருந்துச்சு, எதிர்ல லேடி காகா, ரிஹானா இருந்தும் அதை எழுதினேன், நான் ஜெயிச்ச வருஷம் அது. "பாவம், இத்தனை தடவை நாமினேட் ஆயிருக்காங்க, இந்தத் தடவை கொடுத்துருவாங்க"ங்கற கணக்கு இங்க எடுபடாது, டயேன் வாரன் 2025 வரைக்கும் பதினஞ்சு தடவைக்கு மேல நாமினேட் ஆகியும் பாட்டுக்குன்னு ஒரு ஆஸ்கர் வாங்கல, கௌரவ ஆஸ்கர்தான் கொடுத்தாங்க.

குறும்படம் மூணு பிரிவையும் எல்லாரும் குத்துமதிப்பா போடுவாங்க, போட்டியை முடிவு பண்றதே அங்கதான். எல்லாம் சேர்த்துப் பாத்தாலும் ஒரு நாள்ல முடிஞ்சுரும், ஆன்லைன்லயே பாதி கிடைக்கும். பாத்து முடிச்சதும் எது மனசைத் தொட்டுச்சோ அதை எழுதுங்க, எது புத்திசாலித்தனமா இருந்துச்சோ அதை இல்ல. 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' அப்படித்தான் வந்துச்சு.

எழுதினதை ஓட்டு முடிஞ்ச அன்னைக்கே லாக் பண்ணிடுங்க. அதுக்கப்புறம் வர்ற செய்தி எல்லாம் நம்ம நரம்பைத்தான் மாத்தும், முடிவை மாத்தாது. ரெண்டு பேரு சமமா வந்தா முடிவு பண்ண நாங்க விழா எவ்ளோ நேரம் ஓடும்னு ஒரு கேள்வி வச்சிருக்கோம், அதுல மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும்னு மட்டும் எழுதாதீங்க, புதுசா சேர்ற எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க.