"படிடா" என்று கத்தாமல் பிள்ளையைப் படிக்க உட்கார வைப்பது எப்படி

எங்கள் வீடு மும்பை சயானில், ஒரு ரூம், ஒரு கிச்சன். நானும் கணவரும், மாமியார், நான்காம் வகுப்புப் படிக்கும் மகன். ஸ்டேட் போர்டு, இங்கிலீஷ் மீடியம். போன ஜூன் வரைக்கும் "படிடா" என்று நான் கத்துவதும், "பத்து நிமிஷம்மா" என்று அவன் இழுப்பதும்தான் எங்கள் சாயங்காலம். இப்போது அதற்காகக் கத்துவதில்லை. (மற்றதற்குக் கத்துகிறேன், அது வேறு கதை.) கட்டடத்தில் நாலு பேர் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

மார்க் வாங்க வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. தானாக வந்து உட்கார வைப்பது வரைதான் இது.

படி 1: மூலையும் டப்பாவும்

பீரோவுக்குப் பக்கத்து மூலை, ஒரு பாய், ஒரு மடக்கு மேஜை. தினமும் அதே மூலை. கட்டில் மட்டும் வேண்டாம், பிள்ளை தூங்கிவிடும். பழைய ஸ்வீட் டப்பாவில் பென்சில் இரண்டு, ரப்பர், ஷார்ப்னர், ஸ்கேல் போட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். என் பையன் ரப்பர் தேடப் போனால் கால் மணி நேரம் கழித்து பால்கனியில் புறாவோடு நிற்பான்.

கார்ட்டூன் போட்ட ஸ்டடி டேபிளை வாங்காதீர்கள். முதல் வாரம் அதில் பிள்ளை இருக்கும், அப்புறம் இஸ்திரிக்குப் போகிற துணி இருக்கும். பென்சிலில் நான் அப்சரா கட்சி, அழுத்தாமலே கறுப்பாக விழும். நட்ராஜ் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இரண்டுமே ஒரே மும்பைக் கம்பெனிதான்.

படி 2: எப்போது (நான் சறுக்கிய இடம்)

நானும் முதலில் சார்ட் பேப்பரில் கட்டம் போட்டேன். 6.30 முதல் 7.15 கணக்கு, 7.15 முதல் 8 மராத்தி. ஸ்கெட்ச் பேனாவில் பூவெல்லாம் வரைந்தேன். நாலு நாள் ஓடியது. ஐந்தாவது நாள் மழை, ஹார்பர் லைன் நின்று நான் ஆபீஸிலிருந்து வந்து சேரும்போதே 7.20. "டைம் போயிடுச்சும்மா" என்றான், சட்டம் படித்தவன் மாதிரி. மறுநாள் விருந்தாளி. அதற்கடுத்த நாள் சார்ட்டின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது.

கோளாறு கடிகாரத்தில் இருக்கிறது என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. இந்த ஊரில் 6.30 தினமும் ஒரே மாதிரி வருவதில்லை. ஆனால் நேரம் முன்னே பின்னே ஆனாலும் நடக்காமல் போகாத காரியம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு. எங்கள் கட்டடத்தில் சாயங்காலம் தண்ணீர் விடுவார்கள், எல்லோருமாகக் குடம், டிரம் பிடிப்போம். தண்ணீர் பிடித்து முடித்ததும் பாயில் உட்கார வேண்டும் என்று வைத்தேன். மூன்றே வாரத்தில் குழாயை மூடியதும் கால் தானாக மூலைக்குப் போனது.

அப்புறம் ஒரு நாள் பைப் ரிப்பேர், தண்ணீரே வரவில்லை. துரை உட்காரவில்லை. "தண்ணி வரலையேம்மா!" சிரிப்பதா அடிப்பதா தெரியவில்லை.

எனவே திருத்தம்: மாநகராட்சி கையில் இருக்கிற காரியத்தில் கட்டாதீர்கள், பிள்ளையின் கையில் இருப்பதில் கட்டுங்கள். இப்போது டிபன் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் பாய். தட்டும் கழுவியாகிறது, எனக்கு அது கூடுதல் லாபம். விளக்கேற்றுகிற வீடுகளில் விளக்கேற்றியதும் என்று வைக்கலாம், பிள்ளையே ஏற்றினால்.

படி 3: போனை வெளியே தள்ளுவது

ஹோம்வொர்க் வாட்ஸாப் குரூப்பில்தான் வருகிறது என்பதால் போனைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ட்ரெயினில் வரும்போதே நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்கிறேன். மேஜைக்குச் சீட்டு மட்டும்தான் போகும். டைமருக்கும் போன் வேண்டாம், முறுக்கி விடுகிற கிச்சன் டைமர் போதும்.

படி 4: எவ்வளவு நேரம்

ஆரம்பத்தில் பத்து நிமிஷம். மணி அடித்ததும் அவன் "இன்னும் கொஞ்சம்" என்றாலும் எழுப்பிவிட்டேன். மாமியாருக்கு இதில் உடன்பாடில்லை. "படிக்கிற புள்ளைய எழுப்புற ஒரே தாய் நீதாம்மா" என்றார். ஆனால் மறுநாள் அவன் பயமில்லாமல் வந்து உட்கார்ந்தது அதனால்தான். இப்போது இருபது நிமிஷம், ஐந்து நிமிஷம் ஓட்டம், மறுபடி இருபது. இருபத்தைந்து நிமிஷக் கணக்கு ஒன்று பிரபலம், பொமோடோரோ என்பார்கள். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்கிற இத்தாலியக் கல்லூரி மாணவர் தக்காளி வடிவ டைமரை வைத்துத் தனக்காகக் கண்டுபிடித்தது. ஒன்பது வயதுக்கு அப்படியே வராது.

படி 5: புத்தகத்தை மூடுவது

சிவாஜி மகாராஜ் பாடத்தை மூன்று முறை சத்தமாக வாசித்தான். கிளி மாதிரி. மறுநாள் "முடிசூட்டிக்கொண்டது எந்தக் கோட்டையில்?" என்றேன். சிவ்நேரி என்றான். அது பிறந்த கோட்டை. முடிசூட்டு 1674-இல், ராய்கட்டில்.

திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், தெரிந்திருக்காது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

நாங்கள் செய்வது: ஒரு பக்கம் வாசி, மூடு, சிலேட்டில் நினைவிருப்பதை எழுது, திறந்து சரிபார். நோட்டு வேண்டாம், சிலேட்டுதான். தப்பை அழித்துவிடலாம் என்பதால் பிள்ளை தயங்காது. முதல் வாரம் பாதி சிலேட்டு காலியாக இருக்கும். அதைப் பார்த்து நானே பயந்து இரண்டு முறை புத்தகத்தைத் திறந்து காட்டிவிட்டேன். நீங்கள் செய்யாதீர்கள், யோசிக்க விடுங்கள்.

சொந்த ஊர்க் கதை கிடைத்தால் ஒட்டிவிடுங்கள். எங்களுக்குத் திண்டிவனம் பக்கம், செஞ்சிக் கோட்டை பார்த்திருக்கிறான். 1677-இல் சிவாஜி அதைப் பிடித்தார் என்றதும் "நம்ம செஞ்சியா?" என்று எழுந்து நின்றான். அந்த வருஷத்தை இதுவரை மறக்கவில்லை.

படி 6: உங்களுக்குத் தெரியாத பாடம்

மராத்தி. 2020 சட்டத்துக்குப் பிறகு மகாராஷ்டிரத்தில் எந்தப் பள்ளியிலும் தப்ப முடியாது, எனக்கோ காய்கறிக் கடை மராத்திதான். அவனையே டீச்சர் ஆக்கினேன், ரொட்டி தேய்த்துக்கொண்டே நான் மாணவி. தர்வாஜா ஆண்பால், கிட்கி பெண்பால், கர் மூன்றாவது பால். கதவும் ஜன்னலும் வீடும் நமக்கு மொத்தமாக அஃறிணை, நான் தப்பில்லாமல் சொன்ன நாளே கிடையாது. திருத்துவதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் 'ள' அவர்களிடமும் உண்டு. அதில் மட்டும் எனக்கு முழு மார்க்.

விட்டுப்போன நாட்கள்

காலநிர்ணய் காலண்டரில் உட்கார்ந்த நாளுக்கு ஒரு டிக், அவனே போடுவான். கணபதி விடுமுறையில் எட்டு நாள் காலி. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பி மனம் விட்டுப்போகாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு பெரியவர்களை வைத்துப் பார்த்ததில், சராசரி 66 நாள், ஆளைப் பொறுத்து 18-இலிருந்து 254 வரை. இடையில் ஒரு நாள் விட்டால் பெரிய பாதகமில்லை என்பதும் அதில் தெரிந்தது. விருந்தாளி வந்தால் நாங்கள் மூன்று நிமிஷம் மட்டும் பாயில் உட்கார்ந்து எழுந்துவிடுவோம்.

பிறகு சேர்த்தது: டிவி சீரியலை என்ன செய்தாய் என்று மூன்று பேர் கேட்டார்கள். ஒரே ரூமில் மாமியாரை டிவியை அணைக்கச் சொல்ல முடியுமா? டிவியோடு சேருகிற ஹெட்போன் வாங்கிக் கொடுத்தோம். இப்போது பிரச்சினை, வில்லி வரும்போதெல்லாம் அவர் போடும் சத்தம். "பாட்டி, டைமர் ஓடுது" என்று இவன் அதட்டுகிறான்.