டென்வர் உயரத்தில் ஜீப்புக்கு கார்புரேட்டர் ஜெட் மாற்றிய என் அனுபவம்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வருக்குக் குடிவந்தபின், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் வெபர் 32/36 கார்புரேட்டர் பொருத்திய என் பழைய 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் ஜீப் ஏற்றங்களில் திணறியது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் விரலில் ஒட்டும் உலர்ந்த கரி, பெட்ரோல் அதிகமாவதன் அடையாளம். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், அதே ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள பாகம்) காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டிவிடுகிறது.

மிதவை மட்டம் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம்), சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் மூடி), இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி எழும் நேரம்) ஆகியவற்றைச் சரிபார்க்காமல் ஜெட்டைத் தொடவே கூடாது. அவை சரியாக இருந்ததால், முதன்மை மெயின் ஜெட்டை 140-லிருந்து 135-க்கு, அதாவது 1.40 மி.மீ. துளையிலிருந்து 1.35-க்கு மாற்றினேன், சிறிய மாற்றமாகத் தோன்றினாலும் துளையின் பரப்பு ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. நடுவில் ஒரே கார்புரேட்டர் உள்ள நேர்வரிசை இன்ஜினில் ஓரத்துச் சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் குறைவாகப் போய்ச்சேர வாய்ப்பு அதிகம் என்பதால், ஏற்றத்தில் ஓட்டி நிறுத்தியதும் 1, 6 ஆகியவற்றின் பிளக்குகளையே முதலில் பார்த்தேன். இரண்டிலும் பீங்கான் இளம்பழுப்பாக இருந்தது, அதாவது கலவை சரியாக இருந்தது.