கரப்பான் வந்த தோலைப் பராமரிப்பது எப்படி?

என் மகளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது இரண்டு கன்னங்களும் சிவந்து, பொரிந்து, நீர் கசிந்தன. அம்மா ‘கரப்பான்’ என்றார். மருத்துவர் ‘எக்ஸிமா’ என்றார். பாலூட்டிக்கொண்டிருந்த எனக்கு அன்றே கத்தரிக்காயும் கருவாடும் நிறுத்தப்பட்டன. கன்னம் ஆறவில்லை. குளிப்பாட்டும் முறையை மாற்றிய பிறகுதான் ஆறத் தொடங்கியது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெடித்த என் கைகளுக்கும் இப்போது அதையே செய்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கரப்பான் வந்த தோல், விரிசல் விட்ட பானை. உள்ளிருக்கும் ஈரம் கசிந்து வெளியேறுகிறது. சோப்பு, தூசி, கிருமி எல்லாம் உள்ளே நுழைகின்றன. தோலைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது 2006இல் தெரியவந்தது. ஆகவே இது அழுக்கால் வருவதல்ல, தொட்டால் ஒட்டுவதும் அல்ல. பிள்ளையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

படி 1: அதுதானா என்று பாருங்கள்

கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, தலையில் வரும். வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்மடிப்பிலும், பெரியவர்களுக்குக் கை, கழுத்து, கண்ணிமையிலும் அதிகம். வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். வட்டமாக, ஓரம் தடித்துப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். இவற்றுக்கு மருந்து வேறு. முதல் முறையாவது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

படி 2: குளியல்

தினமும் ஒரு முறை, வெதுவெதுப்பான நீரில், ஐந்து முதல் பத்து நிமிடம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நேரத்துக்கு அரிப்பு அடங்கியதுபோல இருக்கும்; பிறகு இரு மடங்காகத் திரும்பும். வாசனை சோப்பு வேண்டாம். சோப்புக்குப் பதிலாக, வாசனையற்ற மென்மையான கிளென்சரை (தோலைக் கழுவும் திரவம்) அழுக்குப் படும் இடங்களில் மட்டும் போடுங்கள். பயத்தம் மாவு, நலங்கு மாவு தேய்ப்பதையும் நிறுத்துங்கள். நம் வீடுகளில் இதைச் சொல்வது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு சலித்த மாவும் புண்பட்ட தோலை உரசத்தான் செய்யும். குளித்ததும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

படி 3: மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர்

இதுதான் தலையாய மருந்து. தோலில் ஈரம் இருக்கும்போதே, ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள், முடி படிந்திருக்கும் திசையில் நீவித் தடவுங்கள். லோஷன் நீர்த்தது, சீக்கிரம் காய்ந்துவிடும். கெட்டியான க்ரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ நல்லது. குளியலுக்குப் பிறகு ஒரு முறை, படுக்கும்முன் ஒரு முறை, வறண்டால் இடையிலும். தோல் ஆறிய பிறகும் விடாதீர்கள். நாங்கள் அங்கேதான் தவறினோம்: கன்னம் தெளிந்ததும் நிறுத்தினோம், இரண்டே வாரத்தில் மறுபடி சிவந்தது.

அளவிலும் கஞ்சம் கூடாது. உடம்பு முழுக்கப் பாதிப்புள்ள பெரியவருக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். சிறு ட்யூப் எந்த மூலைக்கு? டப்பாவாக வாங்குங்கள், கரண்டியால் எடுங்கள். விரலை விட்டால் கிருமி சேரும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றிக் கேட்பீர்கள். பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில் வெர்ஜின் தேங்காய் எண்ணெய், மினரல் எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. லேசான வறட்சிக்குத் தடவலாம். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம்.

படி 4: சிவந்த இடத்துக்கு ஸ்டீராய்டு

அழற்சியைத் தணிக்க மருத்துவர் எழுதித் தரும் களிம்பு இது. பெயரைக் கேட்டதும் பலர் அஞ்சுகிறார்கள். மருத்துவர் சொன்ன வீரியத்தில், சொன்ன நாள்வரை போட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சி அஞ்சிப் பொட்டளவு தடவினால்தான் அழற்சி நாட்கணக்கில் நீளும். அளவு இதுதான்: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், பெரியவரின் இரு உள்ளங்கை (விரல்களோடு சேர்த்து) அகலமுள்ள தோலுக்கு அது போதும். மாய்ஸ்சரைசருக்கும் இதற்கும் அரை மணி இடைவெளி விடுங்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. ‘அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று மருந்துக்கடையில் கேட்டால், குளோபெட்டசாலோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்பு கைக்கு வந்துவிடுகிறது. குளோபெட்டசால் மிகக் கடுமையான ஸ்டீராய்டு. குழந்தையின் முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். எனக்கும் அப்படி ஒன்றைக் கொடுத்தார்கள். மருத்துவர் சீட்டில் எழுதாத களிம்பைப் பிள்ளை மேல் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

படி 5: அரிப்பும் பத்தியமும்

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பருத்தி உடை போடுங்கள். சித்திரை வெயிலில் வியர்த்தால் உடனே கழுவி மறுபடி தடவுங்கள். அரிக்கும் இடத்தில் ஈரத்துணி ஒத்தடம் கொடுத்தால் சொறிவது குறையும். பாத்திரம் துலக்குபவர்கள் ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் யோசியுங்கள். பால், முட்டை ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு உண்டு, குறிப்பாகப் பாதிப்பு கடுமையாக இருப்பவர்களுக்கு. ஆனால் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் நிறுத்தினால் வளர்ச்சிதான் குன்றும்.

உடனே போக வேண்டிய நேரம்

மஞ்சள் பொருக்கு கட்டினால், சீழ் வைத்தால், தோல் சுட்டு வீங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு, துளைத்தெடுத்ததுபோல ஒரே அளவுச் சிறு புண்கள் கூட்டமாகக் கிளம்பி வலித்தால், அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.