ஓய்வுபெற்றோர் குடியிருப்பு அருகே, சீசன் கடைத்தெருவில் சிறுகடை நடத்துவது எப்படி?

கன்னியாகுமரியின் கடைத்தெருக்களில் சீசன் என்று சொன்னால், கார்த்திகை முதல் தேதி தொடங்கித் தை மாதத்தின் முதல் வாரம் வரை ஐயப்ப பக்தர்கள் வந்துபோகும் காலத்தையே முதலில் நினைப்பார்கள். பள்ளி விடுமுறையில் இன்னொரு கூட்டம் வரும். ஆனால் உங்கள் கடைக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்றோர் குடியிருப்பு இருக்குமானால், ஆண்டு முழுவதும் உங்களிடம் அரிசியும் பயறும் வாங்கப்போகிறவர்கள் அங்கு வாழும் பெரியவர்களே. எனவே கடை எடுக்குமுன், வாடகையும் மின்கட்டணமும் அவர்களுடைய வாங்குதலிலிருந்து மட்டுமே கிடைத்துவிடுமா என்பதை ஆடி மாத வியாபாரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். கடல் கொந்தளிப்பால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்படும் நாட்கள் அப்போது அதிகம். ஆடி அமாவாசை போன்ற நாட்களைத் தவிரத் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். அந்த மாதத்திலும் கட்டக்கூடிய வாடகைதான் சரியான வாடகை. சீசன் வரவைச் சரக்கு முதலீட்டுக்கென்று தனியே ஒதுக்கி வைப்பதே நல்லது.

நாளுக்குள்ளேயும் இரண்டு வகை வியாபாரம் உண்டு. சூரியோதயம் பார்க்க வருபவர்கள் விடியுமுன்னரே வந்து, தேநீர், தண்ணீர்ப் போத்தல், தொப்பி என்று அவசரமாக வாங்கிச் செல்வார்கள். நடைப்பயிற்சி முடித்த பெரியவர்கள் 7 மணிக்குமேல் வந்து நிதானமாக விசாரித்து வாங்குவார்கள். ஆகவே பயணிகளுக்கான பொருள்களைத் தெருவை ஒட்டி வெளிப்புறத்தில் வைத்துக்கொண்டு, உள்பக்கத்தை எந்த நெரிசலிலும் பெரியவர்களுக்கென்று விட்டுவைக்க வேண்டும். உயரமான படி இருந்தால் பக்கத்தில் கைப்பிடி பொருத்துங்கள். சாய்தளம் அமைப்பதானால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும். முதுகு சாய்க்கும் நாற்காலி இரண்டும், தூரத்திலிருந்து படிக்கக்கூடிய பெரிய எழுத்தில் விலைச்சீட்டும் அவசியம். பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டுள்ளதால், நாற்காலி வாங்கும்போது அவர்களுக்கும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

சரக்கு விஷயத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. தனியாகவோ இருவராகவோ வாழ்பவர்களுக்கு 100 கிராம், 250 கிராம் பொட்டலங்களே பயன்படும். அளவு சிறியது என்பதற்காகக் கிலோ விலையைவிட அதிகம் வைப்பது, தினமும் வருகிறவரிடம் செய்யத்தகாத காரியம். சம்பா அரிசி, கஞ்சிக்கு உளுந்து, கருப்பட்டி, கைத்தடியின் அடியில் மாட்டும் ரப்பர், டார்ச் பேட்டரி ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழத்தைப் பெரியவர்களும் விரும்புவார்கள், பயணிகளும் கேட்பார்கள்; ஆனால் அது சீக்கிரம் கனிந்து உதிர்ந்துவிடுவதால், பெரிய குலையைத் தொங்கவிட்டுக் காத்திருப்பதைவிட இரண்டு நாள் தேவைக்கு மட்டும் எடுப்பது நல்லது. கருப்பட்டியைப் பதநீர் இறக்கும் காலத்திலேயே, காய்ச்சுபவர்களிடம் நேரில் சுவைத்துப் பார்த்து வாங்குங்கள். சீனிப்பாகு கலந்த சரக்கு சந்தையில் நிறைய உண்டு. மழைக்காற்றுப் பட்டால் கருப்பட்டி கசியும் என்பதால், காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்துத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். நேந்திரங்காய் சிப்ஸும் கடற்காற்றில் மொறுமொறுப்பை இழந்துவிடும். சீசன் முடியும் வாரத்தில் மொத்தமாக வாங்கக் கூடாது. சங்கு, சிப்பிப் பொருள்கள் விற்பதானால், பவளமும் சில சங்கு வகைகளும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை என்பதை அறிந்து, பட்டியலைப் பார்த்தபின் கொள்முதல் செய்யுங்கள்.

பெரியவர்கள் காய்ச்சல், தலைவலி மாத்திரை கேட்பார்கள். மருந்து உரிமம் இல்லாமல் விற்காதீர்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே வேறு மாத்திரைகள் எடுத்துக்கொள்பவர்கள் என்பதால், நல்லெண்ணத்தில் கொடுப்பதுகூடத் தீங்காகலாம். மருந்துக்கடையிலிருந்து வாங்கிவந்து கொடுக்க ஆள் அனுப்புங்கள்.

ஓய்வூதியம் மாதக் கடைசியிலோ தொடக்கத்திலோ வருவதால் பற்றுவழி, அதாவது கடனுக்குக் கொடுத்துக் கணக்கு வைப்பது, தவிர்க்க முடியாதது. கடையில் ஒரு நோட்டும் அவர் கையில் ஒரு நோட்டுமாக வைத்து, ஒவ்வொரு முறையும் இரண்டிலும் எழுதி, தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு வெளியூரிலிருந்து வரும் மகனோ மகளோ கணக்குக் கேட்டாலும் சங்கடம் எழாது. கைப்பேசியில் பணம் அனுப்பத் தடுமாறுபவரின் ரகசிய எண்ணை எக்காரணம் கொண்டும் கேட்கவோ, அவருக்காக அழுத்தவோ கூடாது. நேரம் ஆனாலும் அவரே செய்யட்டும், அல்லது பணமாகத் தரட்டும்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். தின்பண்டம் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், துணிப்பையோ காகிதப்பையோ இருப்பு வையுங்கள்.

ஐப்பசிக் கடைசியில், சீசனுக்கென்று புதிதாக வரும் பையனை ஒரு காலைப்பொழுது குடியிருப்புக்குள் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள். யாருக்குக் காது மந்தம், யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுக்குப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லி, அவர்களுடைய இரண்டு மாதப் பலசரக்கை முன்கூட்டியே கேட்டு எழுதித் தனி அலமாரியில் அடுக்கிவிட்டால், கூட்டம் நெரியும் நாளிலும் அவர்களை வரிசையில் நிறுத்த வேண்டியிராது.