கார்ட் பெயரை மாற்றும்போது எங்கே தவறுகிறோம்

போன டிசம்பரில் கேரல் பாட ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வண்டியிலிருந்து இறங்கிய கையோடு ஒரு ரிகர்சல். எஃப் மேஜரில் பாட்டு. குழு எஃப் சுரத்தைப் பிடித்து நிற்கிற இடத்தில் கிடாரிலிருந்து எஃப் ஷார்ப் வருகிறது, குளிரில் கை விறைத்துத் தப்பு விழுகிறதோ என்று நினைத்து, கார்ட் (சேர்த்து ஒலிக்கிற சுரக் கூட்டம்) பெயர்கள் எழுதிய தாளை வாங்கிப் பார்த்தால், பி பிளாட் இருக்க வேண்டிய எல்லா இடத்திலும் வெறும் பி. பி பிளாட் கார்டில் எஃப் இருக்கும், பி கார்டில் எஃப் ஷார்ப். கிடார் வாசிக்கிற தம்பி தாளில் இருந்ததைத்தான் ஒழுங்காக வாசித்திருக்கிறான்.

எனக்கு வந்த மியூஸ்ஸ்கோர் (இசைத் தாள் எழுதும் மென்பொருள்) ஃபைலில் கார்ட் பெயர் முறை 'ஃபுல் ஜெர்மன்' என்று வைக்கப்பட்டிருந்தது. ஜெர்மன் வழக்கில் பி பிளாட்டுக்குப் பெயர் பி, நம் பி-க்குப் பெயர் ஹெச். ஒரு ஹெச் கண்ணில் பட்டிருந்தால் சேலத்திலேயே பிடித்திருப்பேன், அந்தப் பாட்டில் அந்தக் கார்டே வரவில்லை. அதனால் யாரிடமிருந்து ஃபைல் வந்தாலும் முதலில் ஸ்டைல் பெட்டியில் கார்ட் சிம்பல்ஸ் பக்கத்தைத் திறந்து, 'ஸ்டாண்டர்டு' இருக்கிறதா என்று பாருங்கள். கட்டளைகளை அடித்து இசைத் தாள் எழுதுகிற லில்லிபாண்ட் மென்பொருளிலும் ஜெர்மன், அரை ஜெர்மன், இத்தாலியன், பிரெஞ்சு என்று இதே மாதிரி கட்டளைகள் உண்டு.

அடுத்தது, கார்டைச் சாதாரண எழுத்தாக அடிப்பது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். பாடுகிற அக்கா "ரெண்டு கட்டை இறக்கு" என்றதும் ஸ்வரங்கள் இறங்கும், கார்ட் பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். மியூஸ்ஸ்கோரில் கண்ட்ரோலும் கே-யும் சேர்த்து அழுத்தி எழுதினால்தான் அது கார்ட் என்று மென்பொருளுக்குத் தெரியும்.

மைனரைச் சின்ன எழுத்தில் காட்டும் வசதியை நம் ஊர்த் தாள்களுக்கு வைக்காதீர்கள். சேலம் ஐந்து ரோட்டில் ஜெராக்ஸ் எடுத்த தாளில் சின்ன சி-யும் பெரிய சி-யும் ஒன்றுபோலத்தான் தெரியும், மைனருக்கு வைக்கிற சின்னக் கோடு பாதி நேரம் காணாமலே போய்விடும். சின்ன எம் என்று போடுங்கள், யாருக்கும் புரியும்.

லில்லிபாண்ட் ஆட்களுக்கு இரண்டு விஷயம். மேஜர் செவனுக்கு அது தானாகவே முக்கோணம் போடும். ஜாஸ் பழகியவர்களுக்குச் சரி, சர்ச் கிடாரிஸ்ட் பலர் அதைப் பார்த்து முழிப்பார்கள். அந்தக் குறியை எழுத்தாக மாற்ற ஒரே ஒரு வரி போதும். ஆனால் கார்டை ஃபைலுக்குள் எழுதும்போது ஏழு போடாமல் வெறும் மேஜ் என்று போட்டாலும் அது மேஜர் செவன்தான், சாதாரண மேஜர் வேண்டுமென்றால் ஒன்றுமே போடக்கூடாது.

இன்னொன்று, சில கார்டுகளுக்கு நாமே பெயர் வைக்கிற சொந்தப் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு கார்டையும் சி-யிலிருந்து எழுத வேண்டும், மற்ற மூலச் சுரங்களுக்கு அது தானே பொருத்திக்கொள்ளும். உங்கள் பட்டியலை ஏற்கெனவே இருக்கிற பட்டியலோடு சேர்க்க வேண்டும். சேர்க்காமல் நேராக வைத்தால் ஒரு கார்டைத் திருத்தப்போய் அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த வேறு சில பெயர்களும் மாறிவிடும், அது எந்தப் பக்கத்தில் மாறியது என்று தேடுவதற்குள் ரிகர்சல் நேரம் வந்துவிடும்.